மேலால் போன நாலு பந்து

அன்புள்ள தம்பி,

அன்றைக்கு மைதானத்தின் இந்தப் பக்கத்தில் நின்றவர்களை முதலில் எழுதுகிறேன். உன் அப்பா. நான். உன் தங்கச்சி. அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து சைக்கிளில் வந்த மாமா. உங்கள் அணியைப் பழக்குகிறவரின் மனைவி மோரா, அவளுடைய தள்ளுவண்டிலில் நித்திரையாய்க் கிடந்த குழந்தை. அவ்வளவுதான். மற்றச் சனம் முழுக்க அந்தப் பக்கம் நின்றது. ஏன் இப்படி ஆள் ஆளாய் எண்ணுகிறேன் என்றால், "எல்லாருக்கும் முன்னால அப்பா என்னை வெக்கப்படுத்திப் போட்டார்" என்று நீ தங்கச்சியிடம் சொல்லியிருக்கிறாய். எல்லாரும் என்றால் ஆர், தம்பி? அப்பா கத்தினது தமிழில். அது விளங்கியது எங்கள் வீட்டு ஆட்களுக்கும் மாமாவுக்கும் மட்டும். நீ அவருக்குத் திருப்பிச் சொன்னது டேனிஷில். அது மோராவுக்கு விளங்கியது, உன்னோடு விளையாடின பெடியங்களுக்கு விளங்கியது, மற்ற அணியின் கோல் காத்தவனுக்கும் விளங்கியிருக்கும். ஆர் ஆரை வெட்கப்படுத்தினது என்று நீயே கணக்குப் பார்.

வைகாசியிலிருந்து இதை எழுதாமல் அடக்கி வைத்திருந்தேன். கர்த்தர் பார்த்துக்கொள்வார் என்று விட்டிருந்தேன். போன கிழமை தங்கச்சி வந்து, "அண்ணா பில்லுண்டில இருந்துதான் பிளேன் ஏறுறாராம், அவற்ற குளிர்கோட்டை எயார்போட்டுக்குக் கொண்டு வரட்டாம்" என்று சொன்னவுடன் எனக்கு அடுப்படியில் நிற்கப் பிடிக்கவில்லை. மலிவு டிக்கெட் என்று கோப்பன்ஹேகனை விட்டுப் பில்லுண்டுக்கு வருகிறாய், சரி, அது எனக்கு விளங்கும், நானும் விலை பார்த்து வாங்குகிறவள்தான். ஆனால் பில்லுண்டிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. நாடு முழுக்கக் கடந்து இந்தப் பக்கம் வந்து, எங்கள் ஹேர்னிங் பக்கம் தலையைத் திருப்பாமல், கோட்டை மட்டும் வாங்கிக்கொண்டு அயர்லாந்துக்குப் போகப் போகிறாய். எப்போது திரும்புவாய் என்றும் சொல்லவில்லை. ஒவ்வொரு காலையும் முழங்காலில் நின்று உன் பேரையும் அப்பாவின் பேரையும் ஒரே மூச்சில் சொல்லுகிறேன். நீங்கள் இரண்டு பேரும் ஒரே அறையில் இருக்க மாட்டீர்கள். ஜெபிக்கிற எனக்குத்தான் களைப்பு.

இந்த வருடத் தொடக்கத்தில் வீடு எப்படி இருந்தது என்று நீ கோப்பன்ஹேகனில் இருந்ததால் முழுதாய்ப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் மறந்துவிட்டாய் போலக் கிடக்கிறது. சித்தப்பா குடும்பம் வன்னிக்குள். அப்பா வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்றாமலே தொலைக்காட்சிக்கு முன்னால் இருப்பார். லீவு கிடைத்த நாளெல்லாம் பஸ்ஸில் ஏறிப் போய்ப் பாராளுமன்றத்துக்கு முன்னால் சண்டையை நிறுத்தச் சொல்லி மற்றவர்களோடு நின்று கத்திவிட்டுத் தொண்டை கட்டிக்கொண்டு வருவார். அங்கே ஒரு மனுசனாவது யன்னலைத் திறந்து எட்டிப் பார்த்ததாய் அவர் சொல்லவில்லை. எங்கள் ஆட்களின் உதைபந்தாட்டப் போட்டி இந்த வருடம் நடக்கவில்லை, ஆருக்கும் மனமில்லை. அந்த நேரம்தான் நீ வேலையிடத்து ஐரிஷ்காரரோடு சேர்ந்து அவர்களுடைய பந்து விளையாட்டுக்குப் போனாய். அயர்லாந்தில் எத்தனையோ தலைமுறையாய் வைக்கிற கிண்ணமாம், அதே முறையில் இங்கேயுள்ள அவர்களின் கழகங்களும் வைக்குமாம், ஒருக்கால் தோற்றால் அத்தோடு வீட்டுக்குப் போக வேண்டுமாம். முதல் ஆட்டம் ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை நேரத்தில். நீ வென்றாய் என்று தங்கச்சி சொன்னாள். எனக்கு அதில் சந்தோசப்படவும் தெரியவில்லை, கோபப்படவும் தெரியவில்லை.

சபையில் ஒரு அக்கா என்னைப் பிடித்துக்கொண்டா. "அங்க சனம் செத்துக்கொண்டிருக்கு, உங்கட மகன் வெள்ளையளோட பந்தடிக்கிறானாம், மெய்யோ?" என்று கேட்டா. நான் சொன்னேன், "ஓம் அக்கா, மெய்தான். அவன் பந்தடிச்சதால ஆரும் சாகேல்லை, அவன் அடிக்காமல் விட்டிருந்தால் ஆரும் தப்பியிருக்கவும் மாட்டினம்." அந்த மனுசி இன்றைக்கும் என்னோடு முகம் கொடுத்துக் கதைக்கிறதில்லை. உனக்காக நான் ஒரு நல்ல கறித்தூள் பங்காளியை இழந்தேன். இரண்டு பேரும் பாதி பாதியாய் மிளகாய் வறுத்து இடிக்கிறனாங்கள். ஆனால் வீட்டுக்கு வந்து, அதே கேள்வியை நான் உன் படத்தைப் பார்த்துக் கேட்டேன். அதையும் எழுதத்தான் வேண்டும்.

பிறகு சித்தப்பாவின் கடைசிப் போன். ஆரோ ஒருவரின் சற்றலைற் போனில் எடுத்தார். அப்பா எழும்பி நின்று, வீடு அதிரக் கத்தினார். "வெளிக்கிட்டு வா! உதிலை நிக்காதை, சனத்தோட சேந்து வெளிக்கிட்டு வா!" அந்தப் பக்கத்திலிருந்து சித்தப்பா, "அண்ணை, கேக்கேல்லை... அண்ணை, என்ன சொல்லுறியள், கேக்கேல்லை" என்றார். அது எனக்கும் கேட்டது. அத்தோடு அறுந்துவிட்டது. அப்பா அறுந்த போனுக்குள் இன்னும் கொஞ்ச நேரம் கத்தினார். அதன் பிறகு கொஞ்ச நாளில், சண்டை முடிந்தது என்று எல்லாத் தொலைக்காட்சியிலும் சொன்னார்கள். எங்கள் வீட்டில் எதுவும் முடியவில்லை. சித்தப்பா எங்கே என்று தெரியாது, சித்தி எங்கே என்று தெரியாது.

அந்தக் கிழமைதான் நீ எடுத்தாய். "அம்மா, அரையிறுதிக்கு வந்திட்டம். சனிக்கிழமை. அப்பாவையும் கூட்டிக்கொண்டு வாங்கோ. அவர் ஒருக்காலும் என்ர ஆட்டம் பாக்கேல்லை." எனக்கு வந்த கோபத்துக்குப் போனை வைத்திருப்பேன். "இந்தக் கிழமையிலை கேக்கிற கேள்வியா பிள்ளை இது?" என்றேன். ஆனால் அப்பா கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். சனி காலை எழும்பிப் பார்த்தால் மனுசன் முகம் வழித்து, இஸ்திரி போட்ட சேட்டோடு நிற்கிறார். "வெளிக்கிடு," என்றார், "தூரம் ஓடவேணும்."

வந்தோம். நீ தூரத்திலிருந்து ஒருக்கால் கையை உயர்த்தினாய். அவ்வளவுதான். பக்கத்தில் வந்து, அப்பா இதுதான் கோல், இதுதான் கணக்கு, இப்படித்தான் விளையாடுகிறது என்று ஒரு வார்த்தை சொன்னாயா? எங்களுக்குத் தெரிந்தது உதைபந்து. அங்கே நின்றது ஆளுயரத்துக்கு மேலே இரண்டு கொம்பு நீண்டு போகிற கோல் கம்பம். கையாலும் பிடிக்கிறீர்கள், காலாலும் அடிக்கிறீர்கள், தோளால் இடிக்கிறீர்கள். முதல் தடவை நீ அடித்த பந்து குறுக்குக் கம்பத்துக்கு மேலால் போனது. அப்பா இரண்டு கையையும் தலையில் வைத்தார். "ஐயோ, மேலால விட்டிட்டான்." அந்தப் பக்கச் சனம் கைதட்டியது. இரண்டாவதும் மேலால். அப்பா மாமாவைப் பார்த்து, "நல்ல மனுசர் என்ன, பிழை விட்டாலும் கைதட்டுதுகள்," என்றார். மாமா, "இஞ்சை பள்ளிக்கூடத்திலையே அப்பிடித்தானே அத்தான் பழக்கிறாங்கள், ஆரையும் தோத்தவன் எண்டு சொல்லப்படாது," என்றார். இரண்டு பேரும் பெரிய நியாயவான்கள் மாதிரித் தலையாட்டினார்கள்.

பாதி ஆட்டத்தில் நான் மோராவிடம் கேட்டேன். அவள் குழந்தையை ஒரு கையால் ஆட்டிக்கொண்டு மெல்லிய டேனிஷில் சொன்னாள். குறுக்குக் கம்பத்துக்கு மேலால், இரண்டு கொம்புக்கும் நடுவால் போனால் ஒரு புள்ளி. கீழே வலைக்குள் போனால் அது கோல், அதற்கு மூன்று புள்ளி. எனக்கு நெஞ்சு குளிர்ந்தது. ஓடிப்போய் அப்பாவிடம் சொன்னேன்.

"இஞ்சேருங்கோ, மேலால போனாலும் ஒண்டாம்."

"ஆர் சொன்னது?"

"அந்தப் பிள்ளை."

"அது பெத்த தாய்க்கு ஆறுதல் சொல்லியிருக்கும். மேலால போற பந்துக்கு எந்த நாட்டிலை புள்ளி குடுக்கிறாங்கள்? சும்மா இரு."

தங்கச்சியும் சொன்னாள். "அப்பா, அம்மா சொல்லுறது சரி." அவர் அதற்கும், "நீங்கள் ரெண்டு பேரும் எப்ப பந்தடிச்சனீங்கள்?" என்றார். ஊரில் பள்ளிக்கூட அணிக்கு விளையாடினவர், இங்கே எங்கள் கழகத்துப் பிள்ளைகளுக்கு வருடக்கணக்காய்ப் பழக்கினவர், அவருக்கு நாங்கள் சொல்லி ஏறுமா? நான் பிறகு புள்ளியை என் கொப்பியின் பின்பக்கத்தில் போட்டுக்கொண்டு வந்தேன், பெற்றோல் செலவுக்குக் கீழே. கடைசி நிமிடத்தில் மற்ற அணிக்குப் பன்னிரண்டு, உங்களுக்குப் பதினொன்று. அந்தப் பதினொன்றில் நாலு உன்னுடைய காலால் வந்தது, நாலும் மேலால்.

அப்போதுதான் பந்து உன் கையில் வந்தது. கோலுக்கு நேரே நின்றாய். மேலால் ஒன்று தட்டியிருந்தால் சமன், மேலதிக நேரம். எனக்குத் தெரியும், உனக்குத் தெரியும், மோராவுக்குத் தெரியும். அப்பாவுக்குத் தெரியாது. தொண்டை கட்டின அந்த மனுசன் அடிவயிற்றிலிருந்து கத்தினார். "பணிய அடி! பணிய அடியடா!"

நீ பார்த்தாய், தம்பி. கண் வெட்டுகிற நேரம், இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தாய். பிறகு பணிய, வலையைப் பார்த்து அடித்தாய். கோல் காத்தவன் காலால் தடுத்தான். விசில் ஊதிவிட்டார்கள். உங்கள் கிண்ணம் அங்கே முடிந்தது.

அப்பா மைதானத்து எல்லைக்கோட்டைத் தாண்டி உன்னிடம் வந்தார். அவர் மனதில் நீ அன்றைக்கு நாலு பந்தை வீணாக்கின பிள்ளை, தேற்ற வேண்டும். உன் தோளில் கை வைத்து, "பரவாயில்லையடா, கடைசியிலையாவது பணிய அடிச்சாய்," என்றார். நீ அந்தக் கையைத் தட்டிவிட்டாய். டேனிஷில், எல்லாரும் கேட்க, "உங்களுக்கு ஒண்டும் விளங்கேல்லை. உங்களுக்கு ஒருக்காலும் ஒண்டும் விளங்கினதில்லை" என்றாய். டேனிஷ்காரரோடு ஆலையில் இவ்வளவு காலம் வேலை செய்கிற மனுசனுக்கு அந்த வசனம் நல்லாய் விளங்கியது. வரும் வழியில் பெரிய பாலத்தில் காசு கட்டுகிற இடத்தில் மட்டும், "சில்லறை வைச்சிருக்கிறியா?" என்று கேட்டார்.

நீ சின்னப்பிள்ளையாய் இருந்தபோது முன்வீட்டு டேனிஷ் மனுசியின் கண்ணாடிக் கொட்டிலுக்குள் பந்தை அடித்துத் தக்காளிச் செடிகளுக்கு மேலே கண்ணாடியை நொறுக்கினாயே, ஞாபகம் இருக்கா? அப்பா தானே கண்ணாடி வெட்டுவித்து வந்து பூட்டிக் கொடுத்தார். அந்த மனுசி கோடை முழுக்க எங்களுக்குத் தக்காளி தந்தா. அதற்குப் பிறகுதான் அவர் இரண்டு சைக்கிளை நிறுத்தி, நடுவில் முழங்கால் உயரத்தில் கயிறு கட்டினார். பந்து கயிற்றுக்குக் கீழால் போக வேண்டும். வேலையால் வந்து, தேத்தண்ணி குடிக்கமுதல், உன்னோடு அங்கேதான் நிற்பார். "பணிய அடி, பணிய அடி" என்று கேட்டுக் கேட்டு எனக்கு விசர் பிடிக்கும். நான் குசினி யன்னலால் சத்தம் போடுவேன். பிறகு நீ எங்கள் கழகத்தில் விளையாடினபோது, பணிய அடிக்கிறவன் என்றுதான் பக்கத்து ஊர் ஹொல்ஸ்டெப்ரோ அணிப் பெடியங்கள்கூட உன்னைச் சொல்லுவார்கள். அதையெல்லாம் நீ இப்போது ஒரு பழுதான பொருள் மாதிரித் தூக்கி வீசுகிறாய். அந்தப் பந்து வலைக்குள் போயிருந்தால் மூன்று புள்ளி, தம்பி. நீங்கள் வென்றிருப்பீர்கள், அப்பாவையும் சேர்த்துத் தோளில் தூக்கியிருப்பார்கள். அவனுடைய கால் குறுக்கே வந்தது, அது அப்பாவின் குற்றமா?

ஆடி மாதத்தில் சித்தப்பா முகாமில் இருக்கிறார் என்று தகவல் வந்தது. சித்தி வரவில்லை. உனக்குத் தங்கச்சி சொன்னாள், நீ அவளுக்குத்தான் போன் எடுத்து அழுதாய். அப்பாவுக்கு எடுக்கவில்லை. அவர் அன்றைக்கு முழுக்கப் போனைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தார்.

அவரையும் நான் விட்டுவைக்கவில்லை, நீ நினைக்காதே. நூலகத்தில் கணினிக்கு முன்னால் இருந்து, அகராதியை மடியில் வைத்துக்கொண்டு, அந்த விளையாட்டின் சட்டம் முழுக்க நானே படித்தேன். டேனிஷ் படித்ததும் அப்படித்தானே, கடை விளம்பரத் தாளிலும் உன்னுடைய முதலாம் வகுப்புப் புத்தகத்திலும். வந்து, அப்பாவைக் கூப்பிட்டு இருத்தி, விளம்பரத் தாளின் ஓரத்தில் அந்தக் கொம்புக் கம்பத்தைக் கீறிக் காட்டினேன். மேலே ஒன்று, கீழே மூன்று. அவர் குறுக்குக் கோட்டில் விரலை வைத்தார்.

"அப்ப அண்டைக்கு மேலால போன நாலும்?"

"நாலும் சரி."

"அவன் நாலு போட்டவனா?"

"ஓம்."

எழும்பிப் போய்க் காரைக் கழுவினார். முதல் நாள்தான் கழுவின கார். நான் பின்னால் போய், "கூப்பிடுங்கோவன் அவனை" என்றேன். "கூப்பிட்டு என்னத்தைச் சொல்லுறது?" "தெரியாமல் கத்திப்போட்டன் எண்டு சொல்லுங்கோ." "எல்லாரும் அறிஞ்ச விசயத்தை என்னெண்டு போனிலை சொல்லுறது?" இதுதான் உன் அப்பா. நீயும் அச்சு அசல் அதேதான். உங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் நான் ஒரு தபால்காரி.

எனக்கு உன்னிடம் ஆத்திரம் எங்கே என்றால், நீ அந்தக் கதையைத் தோற்ற கதையாய் மட்டும் சொல்லிக்கொண்டு திரிகிறாய். நான் அங்கே நின்றவள், எனக்கு அது வேறு கதை. மாதக்கணக்காய் அந்த மனுசன் கத்தினார். பாராளுமன்றத்துக்கு முன்னால் கத்தினார், ஆரும் கேட்கவில்லை. போனில் கத்தினார், கூடப்பிறந்தவனுக்கே கேட்கவில்லை. அன்றைக்கு அந்த ஈரப் புல்லில் நின்று கத்தினார், நீ கேட்டாய். உனக்குச் சரியான கணக்குத் தெரிந்திருந்தும், அவர் சொன்னது என்பதற்காக உன் கால் கேட்டது. அதற்குப் பிறகு நீ சொன்ன வார்த்தை எனக்குப் பிடிக்கவில்லை. ஆனால் அந்தக் கண்வெட்டில் நீ திரும்பிப் பார்த்ததை நான் மறக்க மாட்டேன். உனக்கு ஏன் அது வெட்கமாய் இருக்கிறது என்றுதான் எனக்கு விளங்கவில்லை.

அயர்லாந்தில் போய் இறங்கினவுடன் ஒரு சபையைத் தேடிப் பிடி. வாடகை வீட்டுக்குக் கையெழுத்து வைக்க முதல் சுவரில் ஈரம் இருக்கா என்று கையால் தடவிப் பார், அங்கே மழை அதிகமாம். ஒவ்வொரு மாதமும் என்ன வந்தது, என்ன போனது என்று எழுதி வை. கடையில் வாங்கின பாணையே மூன்று நேரமும் தின்னாதே. கிண்ணம் என்றால் ஒருக்கால் தோற்றவனை வெளியே விடலாம். பெற்ற தகப்பனை அப்படி விடாதே. இவ்வளவுதான் என் புத்திமதி, மிச்சம் உனக்குத் தெரியும்.

போன ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து நான் பிட்டு அவித்துக்கொண்டு நிற்கிறேன். முன்னறையில் தங்கச்சியின் கணினியில் ஏதோ இரைச்சல். அயர்லாந்தில் நடக்கிற அந்தப் பெரிய கிண்ணத்தின் இறுதி ஆட்டமாம். அப்பா தானே போட்டுத் தரச் சொல்லிக் கேட்டாராம். தேத்தண்ணி ஆறிப் போய்க் கிடக்கிறது. ஆரோ ஒரு பெடியன் பந்தோடு கோலுக்கு நேரே வருகிறான். அப்பா கதிரையை விட்டு எழும்பி, "மேலால! மேலால அடியடா!" என்று கத்துகிறார். தங்கச்சி விழுந்து சிரித்து, "அப்பா, அவனுக்குத் தமிழ் தெரியாது" என்றாள்.

அப்பா திரும்பவும் கதிரையில் இருந்தார். "தெரிஞ்சவனுக்கு நான் பிழையாச் சொல்லிப் போட்டனே," என்றார்.

இதை உன்னிடம் சொல்லச் சொல்லி அவர் கேட்கவில்லை. நான் எழுதுவதும் அவருக்குத் தெரியாது. ஆனால் நீ போகிற அந்தச் சனிக்கிழமை வேலையை வேறு ஒருவருக்கு மாற்றிக் கொடுத்திருக்கிறார். ஏன் என்று கேட்டேன். "சும்மா," என்றார். காருக்குப் பெற்றோலும் நிரப்பி வைத்திருக்கிறார்.

வெள்ளி பின்னேரமே றெயின் எடுத்து வீட்டுக்கு வா. உன் அறையில் விரிப்பு மாற்றியிருக்கிறேன். காலையில் அப்பா உன்னைப் பில்லுண்டில் கொண்டுபோய் விடட்டும், அந்த ஒரு மணித்தியாலம் இரண்டு பேரும் காருக்குள் இருங்கள், கதைக்காவிட்டாலும் பரவாயில்லை. கோட்டை நான் தங்கச்சியிடம் கொடுக்கவில்லை. அது இங்கே அலுமாரியில்தான் இருக்கிறது.

வாறியா, இல்லையா என்று கெதியாய் எழுது. நண்டு வியாழக்கிழமைதான் வரும், நாலு பேருக்கா மூன்று பேருக்கா என்று நான் கடையில் சொல்ல வேண்டும்.

அம்மா